ஏறாத மருந்து

அப்பாவின் வலது காது மந்தமாகி வருகிறது என்று எங்களுக்குப் புரிய ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது. அதுவரை அவருக்குக் குணம் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம். சமையல்கட்டில் அம்மாவும் நானும் பேசிக்கொண்டிருந்தால் வாசலில் வந்து நிற்பார்.

“ஏட்டி, என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? என்னப் பத்தித்தான பேசுதிய?”

“தக்காளி தீந்துபோச்சுன்னு பேசுதோம்ப்பா.”

“தக்காளிக்கு எதுக்கு ரகசியம்?”

தாராவியில் பைகளும் சட்டைகளும் தைக்கிற பட்டறைகளுக்குப் போய் மெஷின் பழுது பார்ப்பது அவர் தொழில். அங்கேயும் சண்டை. பட்டறை முதலாளிகள் தன் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள் என்றார். லிஃப்டில் கூட வருகிறவர்கள் தன்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்துகிறார்கள் என்றார். ஏழாவது மாடியில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். காரணம் கேட்டால், “அவன் சரியில்ல” என்பதோடு சரி.

ஒருநாள் அவருக்கு ஒரு பட்டறையிலிருந்து போன் வந்தது. வலது காதில் வைத்து, “ஹலோ, ஹலோ” என்று கத்தினார். “லைன் கட்டாயிட்டு” என்று கீழே வைக்கப் போனவரிடமிருந்து அம்மா போனை வாங்கி அவருடைய இடது காதில் வைத்தாள். முகம் மாறியது. அந்தப் பக்கத்து ஆள் அதுவரை பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

சயான் பக்கம் தனியாக மருத்துவமனை வைத்திருந்த ஒரு காது மருத்துவரிடம் கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். இடது காது நன்றாக இருந்தது. வலது காது பாதிக்கு மேல் போயிருந்தது. எந்நேரமும் ஒரு ரீங்காரம் கேட்கிறது என்று அப்பா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

“வயசானா ரெண்டு காதும் சேர்ந்துதான் போகும்,” என்றார் மருத்துவர். “ஒரு பக்கம் மட்டும் போனா நரம்பைப் பார்த்துடறது நல்லது. கான்ட்ராஸ்ட் போட்டு ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க.”

வெளியே வந்ததும் அவருடைய உதவியாளர் செம்பூரில் உள்ள ஒரு ஸ்கேன் சென்டரின் சீட்டைக் கையில் திணித்தார். வேறு இடத்தில் எடுக்கலாமா என்று கேட்டேன்.

“இங்கதான் எடுக்கணும். வேற எடத்து ஃபிலிம் தெளிவா இருக்காது, சார் திருப்பி அனுப்பிடுவார்.”

அந்தப் பதில் எனக்கு அங்கேயே உறுத்தியது. இந்த ஊரில் டாக்டர் சீட்டுக்கும் ஸ்கேன் சென்டருக்கும் நடுவே என்ன கமிஷன் ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. நானும் கேட்காமல் சீட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நகரத்தில் ஒரு வேதியியல் ஆய்வகத்தில் நான் கடோலினியம் என்ற உலோகத்தோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். அந்த உலோக அயனியில் ஜோடி சேராத எலெக்ட்ரான்கள் ஏழு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பொடிக் காந்தம். பாராகாந்தம் என்று பாடப்புத்தகத்தில் வருவது இதுதான். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். எம்.ஆர்.ஐ. எந்திரம் அந்தத் தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களைத் தட்டிச் சாய்த்துவிட்டு, அவை எவ்வளவு சீக்கிரம் நிமிர்கின்றன என்று கவனித்துப் படம் போடுகிறது. பக்கத்தில் கடோலினியம் இருந்தால் அவை சட்டென்று நிமிர்ந்துவிடும். படத்தில் அந்த இடம் வெள்ளையாகப் பளிச்சிடும். கட்டி எதுவும் இருந்தால் மருந்து அங்கே போய்த் தேங்கி, அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் இந்த உலோகத்தை அப்படியே ரத்தத்தில் ஏற்றினால் விஷம். அதனால் ஒரு பெரிய மூலக்கூறின் கைகளுக்குள் அதை இறுக்கிக் கட்டி, அணைவுச் சேர்மமாக்கித்தான் கான்ட்ராஸ்ட் மருந்தாக ஊசியில் போடுகிறார்கள். சிறுநீரகம் அந்தக் கட்டை அவிழ்க்காமல் அப்படியே வெளியே தள்ளிவிடும். அந்தக் கட்டை இன்னும் இறுக்க முடியுமா, இன்னும் குறைந்த மருந்திலேயே படம் பளிச்சென்று வருமா என்பதுதான் என் ஆராய்ச்சி. வீட்டில் இதை யாரும் கேட்டதில்லை. “காந்த மருந்து செய்யுதா” என்று அம்மா பக்கத்து வீடுகளில் சொல்லி வைத்திருந்தாள்.

செம்பூரில் அந்த சென்டர் ஒரு மிட்டாய்க் கடைக்கு மேலே இருந்தது. மாடிப்படி ஏறும்போதே நெய் வாசனை. உள்ளே குளிர்சாதனம், சுவரில் சிரிக்கும் குடும்பங்களின் படங்கள். ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் முப்பது வயதிருக்கும் ஒரு பெண். நானும் அப்பாவும் பேசுவதைக் கேட்டுவிட்டு அருகில் வந்தாள்.

“தமிழா? திருநெல்வேலிப் பக்கமா?”

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். “ஆமாம்மா, நீ எங்கன?”

“நான் மாட்டுங்கா லேபர் கேம்ப், அங்கிள். எங்கப்பாவுக்கும் தென்காசிப் பக்கம்தான்.”

அப்பாவின் இடது கையில் அவள் ஊசிக்குழாய் செருகியது அவருக்கே தெரியவில்லை. அவ்வளவு நேர்த்தி, அவ்வளவு பேச்சு. இரண்டு நிமிடத்தில் அவர் அவளிடம் தன் காதின் கதையை முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்கு அந்த இனிப்பான பேச்சு பிடிக்கவில்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே எதையோ செய்கிறவர்களை எனக்குப் பயம்.

“கான்ட்ராஸ்ட் எந்தக் கம்பெனி மருந்து? பாட்டிலைப் பாக்கலாமா?” என்று கேட்டேன்.

“அது உள்ள இருக்கு மேடம். நல்ல மருந்துதான். நீங்க டாக்டரா?”

“இல்ல. சும்மா கேட்டேன்.”

அப்பாவை எந்திர அறைக்குள் கூட்டிப்போனார்கள். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். என் பக்கத்தில் துப்பட்டாவைத் தலையோடு போர்த்திய ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் ஊசிக்குழாய் செருகித் தயாராக இருந்தது. அப்பாவுக்கு அடுத்து அவர் முறை.

எதிரே மருந்து எடுக்கும் சின்ன அறை. அதன் திரை சரியாக மூடவில்லை. தட்டு ஒன்று தெரிந்தது. அதில் ஒரு குப்பி; மூடி ஏற்கெனவே கழன்றிருந்தது. ஒரே ஒரு குப்பிதான். பக்கத்தில் இரண்டு சிரிஞ்சுகள் நிரம்பியிருந்தன; ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி ஏதோ கிறுக்கியிருந்தது. இந்த மருந்தை ஒரு குப்பி ஒரு ஆளுக்கு என்றுதான் அடைத்து விற்கிறார்கள். மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும்.

டெக்னீஷியன் வந்து ஒரு சிரிஞ்சை எடுத்து விரலால் சுண்டினாள். உள்ளே இருந்த காற்றுக்குமிழி விருட்டென்று மேலே போனது. தினமும் நான் கையாளும் திரவம் அது. தண்ணீரைவிடக் கொஞ்சம் கெட்டி. குமிழி அதில் சோம்பலாகத்தான் ஏறும். இதில் தண்ணீர் கலந்திருக்கிறதோ என்று பட்டது. எழுந்து போய்த் திரையருகே நின்றேன்.

“ஒரு பாட்டில்தான் இருக்கு. சிரிஞ்சு ரெண்டு இருக்கே?”

அவள் உடம்பால் தட்டை மறைத்துக்கொண்டாள். “ஒண்ணு மருந்து, ஒண்ணு சலைன் மேடம். மருந்து போட்ட பிறகு சலைன் தள்ளணும். நீங்க இங்க வரக் கூடாது.”

அவள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். மருந்துக்குப் பின்னால் உப்புத்தண்ணீர் தள்ளுவது வழக்கம்தான். நான் பார்த்த சிரிஞ்சு சலைனாகவும் இருக்கலாம். இரண்டும் நிறமில்லாதவை, கண்ணால் பார்த்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. சண்டை போட்டால் எந்திரத்துக்குள் படுத்திருக்கும் அப்பா என்ன ஆவார் என்ற பயம் வேறு. பெஞ்சுக்குத் திரும்பினேன். அந்த நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. உள்ளே போனது எதுவானாலும் அது வெளியே வந்தாக வேண்டும். வெளியே வருவதை என்னால் அளக்க முடியும்.

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். “நெறைய தண்ணி குடிங்க அங்கிள்,” என்றாள் டெக்னீஷியன். நான் அவர் தோளைப் பிடித்து மெதுவாக, “இங்க பாத்ரூம் போகாதீங்க,” என்றேன். வலது பக்கம் நின்று சொல்லிவிட்டேன்.

“என்ன?”

“பாத்ரூம் போகாதீங்கன்னேன்.”

“பாத்ரூமா? ஏன் போகக் கூடாது? எனக்கு முட்டிட்டு வருதுல்லா!” என்று அப்பா அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

டெக்னீஷியன் திரும்பி என்னைப் பார்த்தாள். எதற்கென்று அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் அப்பாவைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். தெருமுனைப் பாத்திரக் கடையில் ஒரு புது பிளாஸ்டிக் கேன் வாங்கினேன். ஆட்டோவில் ஏறியதும் அவருடைய இடது காதில் விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னிக்கும் நாளைக்கும் நீங்க ஒண்ணுக்குப் போறது அத்தனையும் இந்தக் கேன்ல பிடிக்கணும். ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது.”

“கோட்டி பிடிச்சிட்டாட்டி ஒனக்கு?”

“உங்களுக்குப் போட்ட மருந்து அப்படியே அதுல வந்துரும்ப்பா. எவ்வளவு போட்டாங்கன்னு லேப்ல அளந்துரலாம். கம்மியா போட்டுட்டு மிச்சத்த அடுத்து உக்காந்திருந்த அந்தம்மாவுக்குப் போட்டிருப்பாங்களோன்னு எனக்குச் சந்தேகம்.”

சயான் சர்க்கிள் நெரிசலில் ஆட்டோ நின்றுவிட்டது. அப்பா கேனை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழங்கால்களை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேர்த்துக் கொட்டியது. பிறகு சொன்னார்:

“இத்தன நாளா எல்லாரும் என்ன ஏமாத்துதாவன்னு நான் சொன்னா, எனக்குத்தான் புத்தி பிசகிட்டுன்னு பாத்திய. இப்ப நீயே சொல்லுதே.”

அவர் குரலில் கோபம் இல்லை.

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பால் அளக்கும் லிட்டர் மக்கைக் கேட்டதற்கு, “அத நீ தொட்டேன்னா ரெண்டுல ஒண்ணு பாத்துருவேன்,” என்றாள். அளவுக்கோடு போட்ட வேறொரு மக் வாங்கிவந்தேன். ஆனால் காவலுக்கு அவளைவிட நல்ல ஆள் கிடைத்திருக்க மாட்டார்கள். அப்பாவை வீட்டை விட்டு இறங்க விடவில்லை. பட்டறையிலிருந்து ஆள் வந்து, மெஷின் படுத்துவிட்டது, அனுப்ப வேண்டிய மால் நிற்கிறது என்று கெஞ்சியபோதும், “அவியளுக்கு மேலுக்குச் சரியில்ல, நாளக் கழிச்சு வாரும்” என்று கதவைச் சாத்தினாள். இரண்டாம் நாளைக்குத் தனியாக இன்னொரு கேன் வைத்தோம்.

ஒவ்வொரு கேனிலும் மொத்தம் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சின்ன பாட்டில் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். ரயிலில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஒப்பிட்டுப் பார்க்க என்னுடையதையும் ஒரு பாட்டில் எடுத்திருந்தேன்.

எங்கள் ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் உண்டு. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், பாலக்காட்டுப் பூர்வீகம். என்னைவிட நன்றாக அளப்பவர், என்னைவிட அதிகமாகச் சந்தேகப்படுகிறவர்.

“என்னது இது, ஆத்துலேர்ந்து ஜூஸா?”

“அப்பாவோட யூரின்.”

“ஐயையோ! மேஜை மேல வெக்காதே!”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி. நீயே சந்தேகப்படறே, நீயே அளந்தா நீ நெனச்சதுதான் வரும். எதுல என்ன இருக்குன்னு எங்கிட்ட சொல்லாதே. வெறும் நம்பர் ஒட்டிக் குடு. நான் அளக்கறேன்.”

அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது, ஆனால் சரி. என்னுடைய சிறுநீரில் தெரிந்த அளவுகளில் கடோலினியம் கலந்து வரிசையாகக் குழாய்கள் தயாரித்தேன். அப்பாவுடைய மாதிரிகளை நடுவே செருகி, எல்லாவற்றுக்கும் எண் ஒட்டினேன். தண்ணீரின் அணுக்கள் நிமிரும் நேரத்தை அளக்கும் சின்ன எந்திரம் ஒன்று எங்களிடம் உண்டு. கடோலினியம் எவ்வளவு அதிகமோ அந்த நேரம் அவ்வளவு குறையும். அவர் ஒவ்வொரு குழாயாக உள்ளே இறக்கினார். நான் ஜன்னல் பக்கம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் குழாய் எது என்பது என் முகத்தில் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக.

முடித்துவிட்டுக் கூப்பிட்டார். எந்த எண் யாருடைய குழாய் என்று பிரித்துப் பார்த்தோம். அப்பாவின் எடைக்குப் போட்டிருக்க வேண்டிய மருந்தில் மூன்றில் ஒரு பங்குகூட முதல் கேனில் இல்லை.

“கிட்னில தங்கியிருக்கலாமே?” என்றார் அவர் உடனே.

“கிட்னி டெஸ்ட் எடுத்துட்டுத்தான் ஸ்கேனே எடுத்தாங்க. நார்மல்.”

“அது அவா எடுத்த டெஸ்ட்டா, வெளியில எடுத்ததா?”

“வெளியில.”

“ரெண்டாவது நாள்?”

இரண்டாவது கேனின் மாதிரியைப் பார்த்தோம். கடோலினியம் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாத அளவு. உடம்பில் மிச்சம் தங்கியிருந்தால் மறுநாளும் வந்துகொண்டிருக்கும். வரவில்லை. உள்ளே போனது எல்லாம் முதல் நாளே வெளியே வந்துவிட்டது. போனதே அவ்வளவுதான்.

“உங்கப்பா ஒரு தடவை வெளியில போயிருக்கலாம்,” என்றார்.

“எங்கம்மாவைத் தாண்டியா?”

அதற்கு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை என் சந்தேகம் பொய்யாகிவிடும் என்ற நம்பிக்கை உள்ளே எங்கோ இருந்திருக்கிறது. அன்றைக்கு அது போயிற்று.

இதற்குள் ரிப்போர்ட் வந்துவிட்டது. கோளாறு எதுவும் இல்லை. காது மருத்துவர் படத்தைப் புரட்டிவிட்டு, “பயப்பட ஒண்ணுமில்ல, மெஷின் வெச்சுக்கலாம்” என்று காது மெஷின் கடைச் சீட்டை எடுத்தார். நான் அளந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“உங்களுக்கு யார் மேலயும் நம்பிக்கை இல்லைன்னா நான் என்ன பண்றது?”

“நீங்க ஏன் சார் அந்த ஒரு சென்டருக்கு மட்டும் அனுப்பறீங்க?”

அவர் முகம் சிவந்தது. “நான் எந்த சென்டர் பேரும் சொல்லலை. ஸ்கேன்னு மட்டும்தான் எழுதினேன்.” அவர் முதலில் எழுதித் தந்திருந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன், அவர் கையெழுத்தில் அப்படித்தான் இருந்தது. உதவியாளர் செய்வது இவருக்குத் தெரியாதா, தெரியாதது போல இருக்கிறாரா? எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் பேனாவை எடுத்து, “உங்க திருப்திக்கு எழுதித் தரேன். எங்க வேணாலும் எடுங்க,” என்று இன்னொரு சீட்டு எழுதினார்.

செம்பூருக்கு அப்பாவும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். சென்டர் முதலாளி ஒரு டாக்டர். எங்களை அறையில் உட்காரவைத்து டீ வரவழைத்தார். நான் எண்களைச் சொன்னதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு இந்தியில், “ஐசா கோயி டெஸ்ட் ஹோதா ஹீ நஹீ, மேடம்,” என்றார். அப்படியொரு டெஸ்டே உலகத்தில் கிடையாதாம்.

“இருக்கு. நானே செஞ்சேன்.”

“எந்த லேப்? கவர்மென்ட் அங்கீகாரம் இருக்கா? யூரினை எங்க பிடிச்சீங்க, எதுல பிடிச்சீங்க, கேன் சுத்தமா இருந்ததுன்னு யார் சாட்சி?” பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, அன்பாக, “அங்கிள், உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. சந்தோஷப்படாம பொண்ணு ஏன் லஃப்டா, தகராறு பண்றா?” என்றார்.

அப்பாவுக்கு அவர் சொன்னது பாதிதான் கேட்டிருக்கும். இடது காதை முன்னால் கொண்டுவந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பம்பாய் இந்தியில் சொன்னார்: “சேட், அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. ஊசி போட்ட பொண்ணு. எம் முகத்தப் பாத்து, முழுசாப் போட்டேன்னு அது சொல்லட்டும். நான் போயிருதேன்.”

டெக்னீஷியன் வந்தாள். கதவருகே நின்றாள். “முழு டோஸ்தான் போட்டேன், சார்,” என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்.

“என்னப் பாத்துச் சொல்லும்மா,” என்றார் அப்பா தமிழில்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. முதலாளி, “போதும், நீ போ,” என்றார். அதோடு எங்களையும் அனுப்பிவிட்டார். டீ ஆறிப்போய் அப்படியே இருந்தது.

மிட்டாய்க் கடை வாசலுக்கு நாங்கள் இறங்கியபோது அவள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

“அக்கா, வேற எடத்துல எடுத்துருங்க. சீக்கிரம் எடுத்துருங்க. இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க.”

“எத்தனை பேருக்கு ஒரு பாட்டில்?”

“கேக்காதீங்கக்கா.” மேலே ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியேறிவிட்டாள்.

அவள் மனசாட்சி உறுத்தி ஓடிவந்தாளா, அல்லது எங்களை அங்கிருந்து கிளப்பி விஷயத்தை முடிக்க முதலாளியே அனுப்பினாரா என்று ரயிலில் வரும் வழியெல்லாம் எனக்கு யோசனை. அப்பாவிடம் கேட்டேன்.

“பாவம்ட்டி அது,” என்றார். “பொய் சொல்லுதவ ஓடி வரமாட்டா. உக்காந்த எடத்துலருந்தே சொல்லிருவா.”

இரண்டாவது ஸ்கேனை விக்ரோலியில் எடுத்தோம். உடனே எடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நாள் விட்டுத்தான் போனோம். கட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இந்த உலோகம் துளியூண்டு உடம்பில் தங்கிவிடக்கூடும் என்று படித்திருக்கிறேன். தேவையென்றால் போட்டுக்கொள்ளலாம், தேவையில்லாமல் ஒருதரம்கூடப் போடக் கூடாது என்பதுதான் எங்கள் துறையில் எல்லோரும் சொல்வது. ஒரு திருட்டுக்காக அப்பா இன்னொரு முறை அதை ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

விக்ரோலியில் நான் கேட்டதும் குப்பியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பெயரைப் படித்தேன். வளையம் போன்ற மூலக்கூறுக்குள் உலோகத்தைப் பூட்டிய வகை, நல்ல இறுக்கம். என் முன்னாலேயே மூடியைக் கழற்றி அப்பாவின் எடைக்குத் தக்கபடி எடுத்தார்கள். குமிழி மெல்ல ஏறியது. அப்படியும் அன்றைக்கும் மறுநாளும் கேனில் பிடித்தோம். அம்மா எதுவும் சொல்லவில்லை. தானே கேனைக் கழுவி வைத்திருந்தாள். அளந்ததில் முழு அளவும் இருந்தது.

அங்கே படம் பார்க்கும் டாக்டர் ஒரு பெண்மணி. எங்களை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். சாம்பல் நிறத் தலைக்குள், வலது காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் மேல், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளைப் பொட்டு. அவ்வளவு பளிச்சென்று இருந்தது. வருடக்கணக்காக நான் குழாய்களிலும் வரைபடங்களிலும் மட்டுமே பார்த்துவந்த வெளிச்சம் அது. அன்றைக்கு அது அப்பாவின் தலைக்குள் எரிந்தது.

செம்பூர்ப் படத்தையும் அவர் பக்கத்தில் போட்டார். அதே இடத்தில் ஒரு மங்கலான கறை. “தெரிஞ்சு தேடினா தெரியும்,” என்றார். “தேடாதவங்க கண்ணுக்குத் தப்பிடும்.”

“கான்சரா?” என்று அப்பா கேட்டார். அதுவரை நாங்கள் யாரும் சொல்லாத வார்த்தை.

“இல்லை. நரம்பு உறையில வளர்ற சாதாரணக் கட்டி. ரொம்ப மெதுவா வளரும். சிலருக்கு வளராமலே நின்னுடும்.”

காது மருத்துவர் இந்தப் படத்தையும் பழைய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மூளை நரம்பு மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். இப்போதைக்குக் கத்தி வேண்டாம், கதிர்ச் சிகிச்சையும் வேண்டாம். ஆண்டுக்கொரு முறை படம் எடுத்துப் பார்ப்போம், வளர்ந்தால் யோசிப்போம் என்று முடிவானது. போன செவி திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். மருத்துவரின் உதவியாளரை அதற்குப் பிறகு அங்கே நான் பார்க்கவில்லை. நீக்கினார்களா, லீவில் இருந்தாரா என்று விசாரிக்கவில்லை.

செம்பூர் சென்டர் மேல் புகார் கொடுத்தேன். என் மூத்தவரும் தன் அளவீடுகளோடு கையெழுத்துப் போட்டார். “நான்தான் அளந்தேன், நான்தான் சொல்லணும்,” என்றார். அதிகாரிகள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, குப்பிகளின் கொள்முதல் சரியாக இருக்கிறது என்று பதில் அனுப்பினார்கள். மறுபடி எழுதினோம். சில மாதங்களில் அந்தச் சென்டரின் வாசலில் வேறு பெயர்ப் பலகை ஏறியது. உள்ளே ஆளும் மாறியிருக்கிறதா என்று பார்க்க ஒருநாள் படியேறினேன். புதிய ரிசப்ஷன், புதிய நாற்காலிகள். யார் முதலாளி என்று கேட்டதற்கு, “எதுக்கு மேடம் கேக்கறீங்க?” என்று என்னையே கேட்டார்கள். அந்தத் துப்பட்டா போர்த்திய பெண்ணின் பெயரைக்கூட நான் அன்றைக்குக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவருடைய படத்தில் எது தெரியாமல் போனதோ.

அடுத்த ஆண்டுப் படத்தில் அப்பாவின் பொட்டு வளரவில்லை. விக்ரோலி ஸ்டேஷனில் ஸ்லோ வண்டிக்காகக் காத்திருக்கும்போது அவர் திடீரென்று என் வேலையைப் பற்றிக் கேட்டார். முதல் தடவையாக. நான் அவருடைய இடது பக்கம் நின்று, இப்போது போடுவதில் கால் பங்கு போட்டாலே இதே வெளிச்சம் தரும் ஒரு சேர்மத்தைச் செய்யப் பார்க்கிறேன் என்று சொன்னேன். உடம்புக்கு உலோகம் குறைவு, அதனால் நல்லது.

அப்பா யோசித்தார்.

“கால் பங்கு போதும்னு நீ செஞ்சு குடுத்தா, அதுலயும் பாதியத்தான ஊத்துவான்?”

வண்டி வந்தது. அவர் முந்திக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்துக் கை காட்டினார்.